ஒருநாள் அல் குத்ரா போய் வா

அன்பு மாப்பிள்ளை கார்த்தி,

உன் அம்மா நேற்று போனில் ஒரே புலம்பல். லீவு நாளில் மத்தியானம் வரைக்கும் தூங்குகிறாயாம். எழுந்தாலும் போனும் கையுமாகக் கட்டிலிலேயே கிடக்கிறாயாம். துபாய் கராமாவில் பெட் ஸ்பேஸ் வாழ்க்கை எப்படி என்று எனக்குத் தெரியும்டா. சொந்தமென்று ஒரு கட்டில்தான் இருக்கும்; அதை விட்டு இறங்க மனசு வராது. ஆனால் ஏசி சத்தத்திலேயே கிடந்தால் உடம்பு ஓய்ந்திருக்குமே தவிர மனசு ஓயாது.

அதனால் வருகிற ஞாயிறு அல் குத்ரா ஏரிக்குப் போய் வா. நான் அங்கே வேலை பார்த்த நாளில் அந்தப் பக்கம் வெறும் மணல். பிறகுதான் பாலைவனத்தில் பள்ளம் தோண்டித் தண்ணீர் விட்டார்கள். மனுஷன் வெட்டிய ஏரிதான். ஆனாலும் பறவைகள் நம்பி வந்து இறங்கிவிட்டன. இப்போது அது அல் மர்மூம் காப்பகத்தைச் சேர்ந்தது.

இருட்டோடு கிளம்பு. வெயில் ஏறுவதற்குள் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர்காலமாதலால் பூநாரை கண்ணில் படலாம். பட்டால், அது தின்பதைப் பொறுமையாகப் பார். கழுத்தை வளைத்துத் தலைகீழாக அலகைத் தண்ணீருக்குள் விடும். நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் தங்குகிற பாசியும் குட்டி இறாலும்தான் அதற்குச் சாப்பாடு. அதற்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுப்பதும் அந்தத் தீனிதான். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்.

வீடியோ எடுக்கிறேன் என்று அதை நோக்கி ஓடிவிடாதே ராஜா. உன் ரீல்ஸ் மோகம் எனக்குத் தெரியாதா? நீ ஓடினால் அதன் காலைச் சாப்பாடு போயிற்று. அசையாமல் அரைமணி உட்கார்ந்து பார். அதுவே உன் பக்கம் மேய்ந்து வந்தாலும் வரும். வாத்துக்கும் மீனுக்கும் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறவர்களைப் பார்ப்பாய். நீ போடாதே. அது அவற்றுக்கான தீனி இல்லை, தண்ணீரும் கெடும்.

வெயில் ஏறினால் காஃப் மரத்து நிழல் தேடு. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே வன்னி, அதே மரம்தான். அமீரகத்துக்கு அது தேசிய மரம்.

வழியில் வெள்ளை உடம்பும் நேர்க்கொம்புமாக ஒரு மான் தென்பட்டால் வண்டியை மெதுவாக்கச் சொல். அரேபிய ஓரிக்ஸ். 1972-இல் காட்டில் இந்த இனமே இல்லாமல் போயிற்று, வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். மிருகக்காட்சி சாலைகளில் மிஞ்சியவற்றைப் பெருக்கி, 1982-இல் ஓமானில் மறுபடியும் வெளியே விட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஹாரன் அடிக்கக் கை வராது.

இன்னொன்று, இதை நீ மறக்கவே கூடாது. துபாயில் கால்நடை மருத்துவர்கள் 2008 முதல் இறந்துபோன ஒட்டகங்களைப் பரிசோதித்து வந்தார்கள். 30,000 ஒட்டகங்களில் 300-இன் வயிற்றில் பிளாஸ்டிக் கெட்டியாக உருண்டு கிடந்தது. ஒன்றில் மட்டும் 60 கிலோவுக்கு மேல். வயிறு நிறைந்த மாதிரியே இருப்பதால் அந்த வாயில்லாப் பிராணி தீனி எடுக்காமல் மெலிந்து சாகும். படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் பொட்டலம் பிரித்த கவர், தண்ணீர் பாட்டில் மூடி, டிஷ்யூ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ரூமுக்கே கொண்டு வந்துவிடு. காற்றடித்தால் அங்கே குப்பைத் தொட்டியிலிருந்தும் கவர் பறக்கும்.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்ததும் ஒருதரம் திரும்பிப் பார்க்கப் பழகு. பஸ்ஸிலும் ஆபீஸிலும்கூடத்தான். சின்ன வயசில் பென்சில் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பாயே, இனி தொலைக்கப் போவது பாஸ்போர்ட்டாக இருந்தால் என்ன செய்வாய்?

கரி மூட்டிச் சமைத்தால் கங்குகளை மணலில் புதைத்துவிட்டு வராதே. மேலே ஆறினாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும், ஏதாவது குழந்தை வெறுங்காலோடு மிதிக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்து அள்ளிக்கொள். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டராவது எடுத்துப் போங்கள். ஏரியில் இறங்காதீர்கள், அனுமதி கிடையாது. பஸ்ஸை நம்பாமல் கார் வைத்திருக்கிற சிநேகிதனைக் கூட்டிக்கொள். பெட்ரோல் காசை அவன் கேட்பதற்கு முன்னால் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் மாமா