முன்பணமும் பின்பணமும்: புதிய வீட்டின் மின்சாரக் கணக்கு

பாரிசிலிருந்து இலண்டனுக்கும், இலண்டனிலிருந்து பாரிசுக்கும் எமது குடும்பங்கள் இடம் மாறுவது புதிய செய்தி அல்ல. வாடகை, பாடசாலை, வேலை என்று பலவற்றை விசாரிக்கும் நாம், சுவரில் இருக்கும் மின்சார மீற்றரைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. அந்த மீற்றர் இரு நாடுகளிலும் இரு விதமாகக் கணக்கு வைக்கலாம். வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் குடியேறினால், வருட முடிவில் பெருந்தொகை கேட்டுக் கடிதம் வரும். ஆகவே இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொள்கின்றோம்.

இரண்டு முறைகள்

இங்கிலாந்தில் வாடகை வீடுகள் பலவற்றில் முன்பண மீற்றர் உண்டு. கடையில் காசு கொடுத்து மின்சாரத் திறப்பிலோ அட்டையிலோ ஏற்றி வந்து மீற்றரில் போட வேண்டும். சிறிய அவசரக் கடன் உண்டு. அதுவும் முடிந்தால் விளக்கு அணையும். பிரான்சில் வீடுகளுக்கு வழமையானது பின்பண முறை. முதலில் எரிக்கின்றோம், பிறகு கட்டுகின்றோம்.

கணக்கியல் மொழியில் சொன்னால், முன்பண முறையில் கொம்பனி எமக்குக் கடன்பட்டிருக்கின்றது. பின்பண முறையில் நாம் கொம்பனிக்குக் கடன்பட்டிருக்கின்றோம். ஊரில் இருந்ததும் பின்பண முறைதானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் அங்கு மின்சாரசபை ஊழியர் மாதாமாதம் வந்து மீற்றரைப் பார்த்தே பில் எழுதினார். இங்கு மாதத் தவணை பெரும்பாலும் மதிப்பீட்டுத் தொகை. எரித்தது வேறு, கட்டியது வேறாக இருக்கலாம்.

யார் மீற்றருக்கு, யார் பில்லுக்கு?

1946 இல் மின்சாரத்துறை நாட்டுடைமையாக்கப்பட்டு இ.டி.எப். உருவானது. 2007 ஜூலை 1 முதல் வீட்டுப் பாவனையாளரும் விரும்பிய விற்பனைக் கொம்பனியைத் தெரிவு செய்யலாம். எந்தக் கொம்பனியிடம் வாங்கினாலும், நாட்டின் பெரும்பகுதியில் கம்பியும் மீற்றரும் எனெடிஸ் நிறுவனத்தின் பொறுப்பு. 2015 இறுதியிலிருந்து 2021 வரை வீடு வீடாகப் பூட்டப்பட்ட, இளம் பச்சை நிற 'லிங்கி' மீற்றரும் அதனுடையதே. லிங்கி தொலைவிலிருந்தே வாசிக்கப்படும்.

இந்தச் சந்தை திறந்தபின், கதவைத் தட்டி "உங்கள் பில்லைக் காட்டுங்கள்" என்று கேட்கும் விற்பனையாளரும் வந்தனர். பில்லில் உள்ள 14 இலக்க எண் எமது மீற்றரின் அடையாள எண். அதனையும் கையெழுத்தையும் கொடுத்தால், நாம் அறியாமலே கொம்பனி மாறிவிடலாம். பிரெஞ்சு தெரியாத அம்மா, அப்பாவிடம் இதனைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். வாசலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். அதனை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

குடிபுகும் நாள்

எந்தக் கணக்கேட்டுக்கும் ஆரம்ப மீதி வேண்டும். இங்கு ஆரம்ப மீதி என்பது, திறப்பு கைக்கு வரும் நாளில் மீற்றர் காட்டும் இலக்கம்.

1. வீட்டு நிலைமை அறிக்கையில், அதாவது 'ஏதா தே லியே' பத்திரத்தில், அந்த இலக்கத்தை எழுதுவித்து ஒரு படமும் எடுத்து வைக்கவும். லிங்கியில் '+' பொத்தானை அழுத்தினால் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

2. ஒப்பந்தத்தை எமது பெயரில், முடிந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எடுக்கவும். பிரிபெக்தூரில் வதிவிட அட்டை புதுப்பிக்கும்போது முகவரிச் சான்றாக மின்சார பில் கேட்கப்படுவதுண்டு. பில் தெரிந்தவர் ஒருவரின் பெயரில் இருந்தால் அன்று நாம் தடுமாற வேண்டும்.

3. பழைய வீட்டு ஒப்பந்தத்தை, கடைசி இலக்கத்தைக் கொடுத்து முடிக்கவும். முடிக்காவிட்டால், அடுத்து வருபவர் எரிப்பதும் எமது கணக்கில் ஏறலாம்.

தவணையும் உண்மையும்

ஓர் உதாரணம். கணக்கு இலகுவாக இருக்க யூனிட் 20 சதம் என்று கொள்வோம். நிலையான சந்தாக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. மாதம் 300 யூனிட் என்று மதிப்பிட்டு, தவணை 60 யூரோ என்கின்றார்கள். வருடம் 720 யூரோ கட்டுகின்றோம். குளிர்காலத்தில் மின் சூடாக்கி ஓடியதால் உண்மையில் எரித்தது 4500 யூனிட். அதன் விலை 900 யூரோ. மிகுதி 180 யூரோ ஒரே கடிதத்தில் வரும். கொம்பனி ஏமாற்றவில்லை; நாம் பார்க்கவில்லை.

2000 வாட் சூடாக்கி ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் எடுக்கும். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 10 யூனிட், மாதம் 300 யூனிட். மேற்சொன்ன மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு சூடாக்கிக்கே சரி. சமையலுக்கும் சுடுநீருக்கும் எங்கே இடம்?

முன்பண மீற்றர், விளக்கை அணைத்து எம்மை எச்சரித்தது. பின்பண மீற்றர் எச்சரிக்காது. எழுதிய இலக்கமே எச்சரிக்கும். மாதம் ஒரு குறித்த நாளில் இலக்கத்தை எழுதி, சென்ற மாத இலக்கத்தைக் கழித்து, பில்லில் உள்ள விலையால் பெருக்குங்கள். தவணையைவிடக் கூடினால், அந்த வித்தியாசத்தை வேறாக எடுத்து வையுங்கள்; தொடர்ந்து கூடினால் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள். முன்பணத்தின் நன்மையை நாமே எமக்கு உண்டாக்கிக்கொள்ளும் வழி இதுதான்.

கட்ட முடியாதபோது

கடிதத்தை உறை பிரிக்காமல் வைப்பதே பெரிய ஆபத்து. உடனே கொம்பனியுடன் பேசித் தவணை கேட்கலாம். நகரசபையின் சமூக சேவையாளர் மூலம் வீட்டு ஒற்றுமை நிதிக்கு விண்ணப்பிக்கலாம். 2018 முதல் நாடு முழுவதும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'சக்திக் காசோலை' உண்டு. அதற்கு வருட வரி விபரத்தை ஒழுங்காகக் கொடுத்திருக்க வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குடியிருக்கும் வீட்டின் மின்சாரத்தைக் கடனுக்காக வெட்ட முடியாது. ஆனால் கடன் அழியாது. ஏப்ரலில் அப்படியே நிற்கும்.

மேலும், 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடைசியாக மீற்றர் வாசித்த நாளுக்கு 14 மாதங்களுக்கு முந்திய பாவனைக்குப் பணம் கேட்க முடியாது. மீற்றரைப் பார்க்க நாம் இடம் கொடுக்காதிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

இலண்டன் செல்வோருக்கு

புதிய வீட்டில் முன்பண மீற்றர் இருந்தால், முன்னிருந்தவரின் திறப்பில் காசு ஏற்ற வேண்டாம். அவர் பட்ட கடனை நாம் கட்ட நேரிடும். முதலில் கொம்பனியை அழைத்து எமது பெயரில் பதியவும். பின்பண முறைக்கு மாற்றவும் கேட்கலாம். கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள், சிலர் வைப்புப் பணமும் கேட்பார்கள். புதுவகை மீற்றராயின் ஆள் வராமலே மாற்றிவிடலாம்.

வீட்டில் செய்து பார்க்க

இன்றிரவு பில்லை எடுங்கள். அது யார் பெயரில் உள்ளது, 14 இலக்க எண் எது, தொகை மதிப்பீடா உண்மையான வாசிப்பா என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். பிரெஞ்சை அவர்கள் வாசிக்கட்டும். கணக்கை நீங்கள் போடுங்கள். பிறகு மீற்றர் இலக்கத்தைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதுவே உங்கள் ஆரம்ப மீதி.