ஆயிரம் சதுர அடி என்றால் எவ்வளவு?

சிவில் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் கேட்டுவிடுவார்கள்: "தம்பி, சின்னசேலத்துல ரெண்டு வீடு பார்த்திருக்கோம். ரெண்டும் ஆயிரம் சதுர அடி. ஒண்ணு அடிக்கு 2,000, இன்னொண்ணு 1,900. குறைஞ்சதையே முடிச்சிடலாமா?" உடனே தலையாட்டிவிடாதீர்கள். இரண்டு வீட்டின் பிளானையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மனை இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே விலை. சொன்ன ரேட் கட்டடத்துக்கு மட்டும். முதல் வீடு வெளி அளவில் 40-க்கு 25 அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர். இரு பக்கமும் முக்கால் முக்கால் அடி கழித்தால் உள்ளே 38.5-க்கு 23.5, அதாவது 904.75 சதுர அடி. இரண்டாவது வீட்டில் 150 சதுர அடி போர்டிகோ, 50 சதுர அடி வெளிப்படிக்கட்டு இரண்டையும் ஆயிரத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். மீதி 32-க்கு 25. சுவர் போனால் 716.75தான். இப்போது வகுத்துப் பாருங்கள். 20 லட்சம் கொடுக்கும் முதல் வீட்டில் உள் அடிக்குச் சுமார் 2,211 ரூபாய். 19 லட்சம் கொடுக்கும் இரண்டாவதில் சுமார் 2,651. "குறைஞ்ச" வீடுதான் கூட!

இப்படி வரும் உள் அளவுதான் கார்பெட் ஏரியா. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) இதற்கு விளக்கமே கொடுத்திருக்கிறது: வெளிச்சுவர், வீட்டுக்குரிய பால்கனி, வராண்டா, திறந்த மொட்டைமாடி எல்லாம் கழியும், அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச்சுவர் கழியாது. நம்ம ஊரில் ஒருவர் சின்ன மனையில் கட்டி விற்கும் தனி வீட்டுக்கு ரெரா பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் அளவுகோலை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாமே.

அதற்காக போர்டிகோ வீண் என்று சொல்லவில்லை. வண்டி நிற்கும், சித்திரை வெயிலில் உட்காரலாம். டைல்ஸும் குழாயும் போட்ட பாத்ரூமுக்கும் அதற்கும் ஒரே ரேட் என்பதுதான் இடிக்கிறது. இதே காரணத்தால் 600 சதுர அடி வீட்டின் ரேட்டை 1,200 சதுர அடி வீட்டோடு ஒப்பிடுவதும் தப்பு. சமையலறை, பாத்ரூம் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன வீட்டில் அதைப் பங்கிட்டுக்கொள்ள அடி குறைவு, அதனால் ரேட் கூடித்தான் தெரியும்.

பிளான் தர மறுத்தால் டேப்போடு போங்கள். பூச்சுக்கு மேல் அளப்பதால் அறைக்கு ஓர் அங்குலம் குறையும். அதற்கெல்லாம் சண்டை போடவேண்டாம்.