மேடைக்கு ஒரு லேப்டாப்: டிராக்கும் பாட்டு வரிசையும் தப்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி?



இந்த வார எபிசோடில் பேக்கப் பற்றிப் பேசும்போது ஒரு கதையைப் பாதியில் விட்டேன். நேரம் பத்தவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். கூடவே கொஞ்சம் பாடமும் இருக்கு.

நான் இங்கிலாந்தில் ஐ.டி. கான்ட்ராக்டர். வாரம் முழுக்க வேறொருவர் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. வார இறுதியில் எங்கள் ஊர்த் தமிழர்களின் சின்ன மெல்லிசைக் குழுவில் லேப்டாப் பார்த்துக்கொள்வது பொழுதுபோக்கு. பாடுவதற்கு மூணு பேர், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், அப்புறம் நான். வாசிக்க ஆள் இல்லாத பாட்டுக்கெல்லாம் டிராக் போடுவோம். டிராக் என்றால் பாடகர் குரல் இல்லாமல் பின்னணி இசை மட்டும் இருக்கும் ஃபைல். ஊரில் மைனஸ் ஒன் என்பார்கள், கரோக்கே என்றும் சொல்வார்கள்.

ஒரு ஜனவரியில் பொங்கல் விழா. எங்கள் குழுவில் பாடும் அக்கா மருத்துவமனையில் நைட் ஷிப்ட் பார்க்கிற நர்ஸ். அவர் அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். காலேஜ் முடிச்ச பிறகு மகள் மேடையில் பாடி அவர் பார்த்ததே இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பாட்டின் டிராக் ஐந்து கட்டையில் இருந்தது. அக்காவுக்காக நாலு கட்டைக்கு இறக்கி வைத்திருந்தேன். பிராக்டிஸ் எல்லாம் என் போனிலிருந்த அந்த ஃபைலில்தான் நடந்தது. லேப்டாப்பிலோ ஒரே பாட்டுக்கு இரண்டு ஃபைல். ஒன்றின் பெயரில் ஃபைனல், இன்னொன்றில் ஃபைனல் நியூ. நான் போட்டது பழசு.

பல்லவியை எப்படியோ சமாளித்தார். சரணத்தில் மேல் சுரம் எட்டவில்லை, குரல் உடைந்தது. மைக்கைக் கீழே இறக்கி, "மன்னிச்சிடுங்க"ன்னார். நான் பதறி பாட்டை நிறுத்தப் போய் நெக்ஸ்ட் பட்டனை அழுத்திட்டேன். அடுத்து இருந்த குத்துப் பாட்டு ஹால் முழுக்க அலறியது.

வெளியே காபி குடிக்கும்போது அம்மா என்னிடம், "பாவம், நைட் டூட்டி பார்த்துப் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு தம்பி" என்றார். அக்காவின் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. கோளாறு என் ஃபோல்டரில். டிராக் தப்பானால் சபை லேப்டாப்பைக் குறை சொல்லாது, பாடுகிறவரைத்தான் சொல்லும். அதனால்தான் இந்த வேலையில் அலட்சியம் கூடாது என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை கீழே.

1. வரிசை எண்ணை ஃபைல் பெயரில் வைக்காதீங்க

எல்லாரும் செய்வது இதுதான்: 01, 02, 03 என்று எண் போட்டுப் பெயர் வைப்பது. விழா அன்று தலைமை விருந்தினர் தாமதமாக வருவார், வரிசை மாறும், எண்ணை மாற்றி எழுதுவோம். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு வரிசை என்பதால் ஃபோல்டரையே காப்பி அடிப்போம். ஆறு மாதத்தில் ஒரே பாட்டுக்கு ஐந்து காப்பி சேர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வருஷமே படித்த விஷயம்தான். ஒரு பொருளின் அடையாளம் வேறு, அது வரிசையில் நிற்கும் இடம் வேறு. ஃபைல் பெயரில் அடையாளம் மட்டும் இருக்கட்டும்: பாட்டு, யாருக்காக, எந்த ஸ்ருதி, எந்தத் தேதியில் செய்தது. வரிசை என்பது தனியாக ஒரு பட்டியல். நான் சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருக்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு வரி. அதில் இருப்பவை:

• பாட்டு, பாடுகிறவர்
• ஸ்ருதி
• ஃபைலின் முழுப் பெயர்
• நீளம்
• முதல் குரல் எத்தனையாவது வினாடியில்
• ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் வரும் இசை எங்கே தொடங்குகிறது
• நேரம் போதாவிட்டால் விடலாமா, கூடாதா

ஃபோல்டருக்கும் பட்டியலுக்கும் முரண் வந்தால் பட்டியல்தான் சரி. மேடைக்குப் போகும் ஃபோல்டரை நான் கையால் தொடுவதே இல்லை. பட்டியலைப் படித்து, அதிலுள்ள ஃபைல்களை மட்டும் புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்ய இருபது வரி பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கு. ஒரு ஃபைல் காணவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். பழைய காப்பி மேடைக்கு வர வழியே கிடையாது. கோடிங் தெரியாதவர்கள் கையாலேயே செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் காலி ஃபோல்டரில் ஆரம்பியுங்கள்.

2. கட்டைக் கணக்கில் ஒரு பொறி

ஸ்ருதியைப் பாடுகிறவர்கள் கட்டையில் சொல்வார்கள், சாஃப்ட்வேர் செமிடோனில் கேட்கும். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி.

கவனித்தீர்களா? மூன்றரை என்று ஒன்று கிடையாது. கீபோர்டில் இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. அதனால் "ஒரு கட்டை குறைச்சிடு தம்பி" என்றால், ஐந்திலிருந்து நாலுக்கு இரண்டு செமிடோன், நாலிலிருந்து மூணுக்கு ஒரே செமிடோன். ஒரு கட்டைக்கு எப்போதும் இரண்டு செமிடோன் என்று கழித்தால் தப்பாகும். "எவ்வளவு குறைக்கணும்" என்று கேட்காமல் "எந்தக் கட்டையில் பாடுவீங்க" என்று கேளுங்கள். பதிலை அப்படியே பட்டியலில் எழுதுங்கள்.

ஆடாசிட்டியில் சேஞ்ச் பிட்ச் என்ற எஃபெக்ட் வேகம் மாறாமல் ஸ்ருதியை மட்டும் மாற்றும். இரண்டு, மூன்று செமிடோன் வரைக்கும் பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் போனால் தபலாவும் டிரம்ஸும் இயல்பாக இருக்காது. எப்போதும் மூல ஃபைலிலிருந்தே மாற்றுங்கள். ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றினால் தரம் இன்னும் குறையும்.

3. எல்லா டிராக்கும் ஒரே சத்தம், ஒரே ஃபார்மட்

வெவ்வேறு இடத்தில் வாங்கிய டிராக்குகள் வெவ்வேறு சத்தத்தில் இருக்கும். உச்ச அளவை மட்டும் சமன் செய்தால் போதாது, ஏனென்றால் காது சராசரியைத்தான் சத்தமாக உணர்கிறது. அதை அளக்க எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவு இருக்கு. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூட்டமைப்பு 2010-இல் ஆர் 128 என்ற பரிந்துரையில் டி.வி., ரேடியோவுக்கு மைனஸ் 23 என்று வைத்தது. மேடைக்கு அந்த எண்தான் வேண்டும் என்றில்லை. நான் மைனஸ் 16 வைக்கிறேன். எல்லாப் பாட்டும் ஒரே எண்ணில் இருப்பதுதான் முக்கியம். ஆடாசிட்டியில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் இதைச் செய்யும், எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்களுக்கு லவுட்நார்ம் ஃபில்டர் இருக்கு.

ஃபார்மட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, அதாவது ஐந்து நிமிடப் பாட்டு பதினைந்து இருந்தால் சுமார் 800 எம்பி. இன்றைக்கு எந்த பென் டிரைவிலும் அடங்கும். எல்லா ஃபைலும் ஒரே சாம்பிள் ரேட்டில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 44.1-இல் பதிந்த ஃபைலை எங்கோ ஒரு தப்பான செட்டிங்கால் 48 என்று நினைத்து ஓட்டினால், வேகம் 9 சதவீதம் போல கூடும், ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். இது அடிக்கடி நடக்காது. நடந்தால் மேடையில் நின்று கண்டுபிடிக்கவும் முடியாது.

4. ஒரு பாட்டு முடிந்தால் நிற்கணும்

மியூசிக் பிளேயர்கள் வீட்டில் கேட்பதற்காகச் செய்தவை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். மேடையில் கைதட்டல் வரும், பாடுகிறவர் இரண்டு வார்த்தை பேசுவார், தண்ணி குடிப்பார். அடுத்த பாட்டு எப்போது என்பதை அவர்தான் முடிவு பண்ணணும்.

விஎல்சியில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் பிளேலிஸ்ட் பகுதியில் பிளே அண்ட் ஸ்டாப் என்று இருக்கும். அதைப் போட்டால் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நின்றுவிடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு நாடக மேடைக்காகச் செய்த க்யூலேப் இருக்கு. அதன் இலவசப் பதிப்பே இரண்டு சேனல் ஆடியோவுக்குப் போதும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அடுத்தது ஓடும், அழுத்தாவிட்டால் காத்திருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு லினக்ஸ் ஷோ பிளேயர்.

எதை எடுத்தாலும் நிறுத்துவதை வீட்டில் பழகுங்கள். ஆரம்பிக்க எல்லாருக்கும் தெரியும். பதற்றத்தில் நிறுத்தத் தெரியணும்.

5. கேபிள் இரண்டு வார்த்தை

லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் வருவது இடது, வலது என்று இரண்டு சிக்னல். இரண்டு முனையிலும் மூன்று தொடர்புப் பகுதி உள்ள ஸ்டீரியோ கேபிளை மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் நேராகச் செருகினால், மிக்சர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். நடுவில் இருக்கும் பேஸும் தாளமும் காணாமல் போகும். இடது, வலதைப் பிரித்து இரண்டு சேனலுக்குக் கொடுக்கும் ஒய் கேபிள் வாங்குங்கள்.

சார்ஜர் போட்டதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் எர்த் பிரச்சினை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் நடுவில் வைத்தால் போய்விடும். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சத்தம் தாமதமாகும், இணைப்பும் எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

6. இரண்டாவது கருவி தயாராக இருக்கணும்

அதே ஃபோல்டர் ஒரு பழைய போனிலும் இருக்கு. அது மிக்சரின் வேறொரு சேனலில் முன்பே இணைந்திருக்கும், ஏரோபிளேன் மோடில், ஆட்டோ லாக் நிறுத்தி. கிளவுடில் இருக்கும் ஃபைலை நம்பாதீங்க. பெயர் தெரியும், தட்டினால்தான் டவுன்லோடு ஆகும், ஹாலில் சிக்னல் இருக்காது. இரண்டிலும் இருப்பது ஒரே ஃபைல்தானா என்று எஸ்ஹெச்ஏ 256 ஹாஷ் போட்டு ஒப்பிடுகிறேன். அந்தப் பொங்கலில் இதை மட்டும் செய்திருந்தால் போதும், போனும் லேப்டாப்பும் வேறு என்று முந்தின நாளே தெரிந்திருக்கும்.

பட்டியலை மூன்று பிரதி பிரிண்ட் எடுங்கள். காகிதத்துக்கு பேட்டரி தீராது.

சித்திரை மாதம்

ஏப்ரலில் புத்தாண்டு விழா. அம்மா ஊருக்குத் திரும்ப இன்னும் மூணு வாரம். அக்கா முதலில் "வேணாம் தம்பி" என்றார். நான் பட்டியலைக் காட்டினேன், ஸ்ருதி என்ற இடத்தில் அவரையே எழுத வைத்தேன். நாலு என்று எழுதினார்.

இங்குள்ள கம்யூனிட்டி ஹால்களில் பல இடத்தில் சத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். சத்தம் எல்லை தாண்டி சில வினாடி நீடித்தால் மேடையின் பிளக் பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை வெட்டிவிடும். ஹால் பொறுப்பாளரிடம் அதன் எல்லையைக் கேட்டு வைத்திருந்தேன். ஆனால் ரசிகர்களின் கைதட்டலும் விசிலும் அதில் சேரும் என்பதை யோசிக்கவில்லை. இரண்டாவது சரணம் பாதியில் ஸ்பீக்கர், மிக்சர், மைக் எல்லாம் செத்தது.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன், இந்த முறை சரியான பட்டனை. அக்கா நிறுத்தவில்லை. மைக் இல்லாமல் அந்தச் சரணத்தைப் பாடினார், முன்வரிசையில் கைத்தாளம் போட்டார்கள். ஒரு நிமிஷத்தில் மின்சாரம் வந்தது. காகிதத்தில் 2:41 என்று இருந்தது, சரணத்துக்கு முந்தின இசை. அக்காவைப் பார்த்தேன். தலையாட்டினார். அங்கிருந்து ஓட விட்டேன், கடைசி வரை பாடினார்.

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனில் எடுத்த வீடியோவைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுப்பாடம் சின்னதுதான். அடுத்த நிகழ்ச்சிக்கான பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்ருதியையும் சரணம் தொடங்கும் நேரத்தையும் எழுதுங்கள். ஸ்ருதியைப் பாடுகிறவரே எழுதட்டும். பிராக்டிஸ் மேடை ஃபோல்டரிலேயே நடக்கட்டும். எங்கேயாவது மாட்டினால் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள். பைத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும் என்றாலும் கேளுங்கள், அனுப்புகிறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.