ஆலோசகர் போனா பின்னாடியே படையும் போகுமா?

மாரமங்கலத்துல இருந்து மலை இறங்கி, சேலம் தாண்டி, மேட்டூர் பக்கம் போனா கொளத்தூர். 1980-கள்ல விடுதலைப் புலிகளோட பயிற்சி முகாம் ஒண்ணு அங்க இருந்துச்சு. அதாவது நம்ம சேலம் மாவட்டத்துலயே. "அடுத்த நாட்டுச் சண்டைக்குப் பயிற்சி மட்டும் கொடுக்கிறோம்னு ஆரம்பிச்சா, கடைசில நம்ம படையே போக வேண்டி வருமா?" இந்தக் கேள்வி நமக்கு அவ்வளவு தூரத்து விஷயம் இல்ல.

வியட்நாம்: ஏறிக்கிட்டே போன எண்ணிக்கை

1960 முடிவில் தென் வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் சுமார் 900 பேர். 1963 முடிவில் சுமார் 16,000. 1965 பிப்ரவரியில் ப்ளேக்கு முகாம் தாக்கப்பட்டு அமெரிக்கர்கள் இறந்தாங்க. பதிலுக்கு வடக்கின் மேல குண்டுவீச்சு. குண்டுவீச்சுக்கு விமானதளம் வேணும், தளத்துக்குக் காவல் வேணும். மார்ச் 8 அன்று டா நாங்கில் மரைன் படை இறங்கியது. 1969-ல் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் மேல இருந்தது.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிக்கிற பாசிட்டிவ் ஃபீட்பேக் தான் இது. முதல்ல அனுப்பினவங்களைக் காப்பாத்தறதே அடுத்து அனுப்பறதுக்குக் காரணமாகுது.

இலங்கை: நம்ம கதை

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இந்தியா பல தமிழ்ப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1987 ஜூன் 4-ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள் போட்டன. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. அதன்படி இந்திய அமைதி காக்கும் படை போனது. வேலை: ஆயுதங்களை வாங்குறது, சண்டை நிறுத்தத்தைக் கவனிக்கிறது.

மூணு மாசம்கூட ஆகல. அக்டோபர் 10-ல் புலிகளோடயே போர். அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. உச்சத்தில் படை எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தாங்க. 1989-ல் புதிய அதிபர் பிரேமதாசா "வெளியேறுங்க"னு சொன்னார். 1990 மார்ச் 24-ல் கடைசிப் பிரிவு கிளம்பியது.

பயிற்சி கொடுத்ததுனால மட்டுமே இதெல்லாம் நடந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு படியும் அடுத்த படியைச் சுலபமாக்கியது.

எல் சல்வடோர்: நிக்கவும் முடியும்

எதிர் உதாரணமும் இருக்கு. 1980-கள்ல எல் சல்வடோருக்கு அமெரிக்கா அனுப்பிய பயிற்சியாளர்களுக்கு வரம்பு 55 பேர். வியட்நாம் அனுபவத்தால அமெரிக்க நாடாளுமன்றம் விடாம கவனிச்சது. 1992-ல் போர் முடியற வரை அமெரிக்கத் தரைப்படை அங்க போகல. ஆனா பணமும் ஆயுதமும் போய்க்கிட்டே இருந்தது. சுமார் 75,000 பேர் இறந்தாங்க. அனுப்பின நாடு தப்பிச்சது, அந்த நாட்டு மக்கள் தப்பிக்கல.

ஆக, ஆலோசகர் போனா போர் நிச்சயம்னு ஒரு விதி இல்ல. லிமிட்டர் இல்லாத சர்க்யூட்தான் ஆபத்து. அடுத்த தடவை "ஆலோசகர்கள் மட்டும்தான்"னு நியூஸ் வந்தா மூணு கேள்வி கேளுங்க: வேலை எது முடிஞ்சா முடியும்? எண்ணிக்கைக்கு வரம்பு யார் போட்டது? அவங்கள்ல ஒருத்தர் செத்தா அடுத்து என்ன செய்வாங்க? மூணாவதுக்கு முன்கூட்டியே பதில் இல்லேன்னா, அடுத்த படை கிளம்பறதுக்கு ஒரு தாக்குதல் போதும்.