பட்டிக்கு முன்னால் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

மன்னார்குடிப் பக்கம் நீ வேலை முடித்துக் கொடுத்த மாஸி பெர்குசன் 1035-ஐப் போன வாரம் பார்த்தேன். வண்டிக்காரர் சுற்றிக் காட்டியதோடு விடவில்லை. உன் பட்டறையில் எடுத்த போட்டோக்களையும் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினார். அவற்றைப் பார்த்ததால்தான் இந்தக் கடிதம். ஸ்ப்ரே கன் பிடிப்பதில் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியவை இரண்டு.

முதலாவது, வலது மட்கார்டின் உள்பக்கம். துரு தின்று அம்மைத் தழும்பாய்க் குழி விழுந்த தகடு. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்திருக்கிறாய். தகடு பளபளக்கிறது, சரி. குழிக்குள் கறுப்பாகத் தெரிகிறதே, அது என்ன? கம்பி பிரஷ் மேட்டைத்தான் சுத்தம் செய்யும். பள்ளத்துத் துருவை அமுக்கி மெருகு போட்டுவிடும். அடுத்த போட்டோவில் அதன் மேலேயே பட்டி. அதற்கடுத்து பிரைமர். நடுவில் தண்ணீர் எங்கே தம்பி?

நம் டெல்டா வண்டிக்குப் பிடிப்பது வெறும் மழைத் துரு இல்லை. சேற்றுழவில் அப்பிய சேற்றோடு உரமும் ஒட்டுகிறது. வயலில் போடுகிற பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. சோற்றுப்பு சோடியம் குளோரைடு. இரும்புக்கு இரண்டும் ஒரே பகை. அந்த உப்பு குழியின் அடியில், துருவுக்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். தின்னரில் கிரீஸ் போகும், உப்பு போகாது, உப்புக்குத் தண்ணீர்தான். உள்ளே வைத்து மூடினால் பெயிண்டைத் தாண்டி ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். போதாததற்கு பாலியஸ்டர் பட்டியே ஈரம் குடிக்கிற சரக்கு.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கடல்நீரில் நின்ற வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்தன. வேறெங்கோ அவசரமாகப் பெயிண்ட் அடித்து, ஒரு மழைக்குள் உரிந்து வந்தவையும் அவற்றில் உண்டு. மேஸ்திரி பட்டி டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டார். தகட்டை வெந்நீர் ஊற்றி நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ராத்திரி வெளியில் போட வேண்டும். விடிந்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். பனியில் தகடு முழுக்க லேசாகப் பழுப்பேறியிருக்கும். அது எமரிக்குப் போய்விடும். உப்பிருக்கிற குழி மட்டும் தனியாக வியர்த்து, ஆரஞ்சுச் சொட்டோடு நிற்கும். அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டத்துக்குள் ஊசியால் நோண்டி மறுபடி கழுவு. நாங்கள் முணுமுணுத்தால் டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பார். காலையில் வட்டம் போட இடமில்லை என்றால்தான் எபாக்ஸி பிரைமர் டின் திறக்கும்.

மிச்சக் கறுப்புக்குப் பாஸ்பாரிக் ஆசிட் தடவு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதையும் கழுவி எடு. ஆசிட் தங்கிய இடத்தில் எபாக்ஸி பிடிக்காது. எபாக்ஸி காய்ந்ததும் எமரியால் கீறிவிட்டு, அதன் மேல் பட்டி. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்குகிற இடத்தில் அதுவும் கிடையாது; வெட்டித் தகடு வை.

இரண்டாவது, கியர் ஹவுசிங். அது வார்ப்பு இரும்பு. மணல் அச்சு விட்டுப்போன சொரசொரப்புதான் அதன் தோல். அதையும் துருக்குழி என்று எண்ணிப் பட்டி பூசி வழவழவென்று இழைத்திருக்கிறாய். எழும்பி நின்ற வார்ப்பு எண்கள் பாதி மூழ்கிக் கிடக்கின்றன. வண்டிக் கம்பெனி டாஃபே 1960-ல் தொடங்கிய நாளாய் இப்படியொரு ஹவுசிங்கோடு வண்டி அனுப்பியிருக்கமாட்டார்கள். சூடும் அதிர்வும் சேர்ந்து அந்தப் பட்டி செதில் செதிலாகக் கழலும். அதுவரை வெடிப்பு விட்டாலும் தெரியாது, ஆயில் கசிந்தாலும் எங்கிருந்து என்று தெரியாது.

இடது மட்கார்டின் அடி விளிம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அழுகியதை வெட்டி, விளிம்பு உருட்டிய புதுத் துண்டை வைத்து, புள்ளி புள்ளியாக வெல்டு அடித்து ஆறவிட்டு மூடியிருக்கிறாய். அவ்வளவு மெல்லிய தகடு சூட்டில் ஓரிடத்திலும் நெளியவில்லை. உள்ளே கை விட்டு நகத்தால் கீறிப் பார்த்தேன். சேர்ந்த இடம் அகப்படவில்லை. இந்த ஜில்லாவில் இதைச் செய்ய இன்னொரு ஆள் கிடையாது. இவ்வளவு தெரிந்த கை பக்கத்து மட்கார்டில் ஏன் சோம்பியது என்பதுதான் என் கோபமே.

குறுவை உழவுக்கு முன் அந்த வலது மட்கார்டைக் கழற்றி என் பட்டறைக்குக் கொண்டு வா. வண்டிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ கூலி கேட்காதே. வெந்நீருக்கு விறகு இங்கே கிடக்கிறது. ஹவுசிங் பட்டியை மட்டும் நீயேதான் சுரண்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வேலையைத் தடவிப் பார்த்த அண்ணன்