பழைய வள்ளம் வாங்குமுன் ஏராவைப் பாருங்கள்

பாக் நீரிணைக் கரையில் பழைய பாய்மர வள்ளத்தை விலைபேசப் போகும் நம் சகோதரர்கள் பாயையும் பலகையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அடியில் கிடக்கும் ஏராவுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தால் அதைத் தொட்டும் பார்ப்பதில்லை. கிழிந்த பாயைத் தைக்கலாம், ஒரு பலகையை மாற்றலாம். ஆனால் வங்குகளும் பலகைகளும் ஏராவைப் பிடித்தே நிற்கின்றன. அது உளுத்திருந்தால் நகையை அடகு வைத்துப் போட்ட பணமும் போகும், நடுக்கடலில் உயிருக்கும் ஆபத்து.

கரையேற்றிய வள்ளத்தின் பாரம் ஏராவின் கீழுள்ள கட்டைகளில் இருக்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் நிறுத்த மட்டுமே. அணியத்திலிருந்து பின்தலை வரை நூல் பிடித்துப் பாருங்கள். கட்டும்போதே கொடுத்த வளைவு வேறு, வயதாகி நடு மேலெழும்பி இரு முனையும் தொங்குவது வேறு.

கொட்டலசைச் சுரண்டிக் கழுவியபின் சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். கடற்புழு நுழையும் துளை குண்டூசித் தலையளவுதான். உள்ளே வளர்ந்து மரத்தை நீளவாக்கில் குடைந்துவிடும், வெளிப்புறமோ வழவழப்பாகவே இருக்கும். தட்டினால் சாயம் போகும் என்று விற்பவர் தடுத்தால், அந்த வள்ளமே வேண்டாம் என்போம்.

மணல் மூட்டைகளை எடுத்துவிட்டு உட்புறத்தையும் பாருங்கள். மரத்தை அழுக வைப்பதில் உப்புநீரைவிடத் தேங்கிய மழைநீரே மோசம். ஐப்பசி, கார்த்திகையில் மூடாமல் கிடந்த வள்ளத்தில் சந்தேகம் அதிகம் வேண்டும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்தால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் மெலிந்திருந்தால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும்.

அழுகலைச் சிமெண்டு பூசி மறைப்பது ஏமாற்று. ஈரம் உள்ளேயே நின்று மேலும் தின்னும். கெட்ட துண்டை வெட்டி, நீண்ட சரிவான இணைப்பில் புது மரம் சேர்ப்பதே சரி. ஏராவை ஒட்டிய முதல் பலகையின் இடுக்கில் பழைய பஞ்சை எடுத்து, எண்ணெயில் ஊறிய பஞ்சை அளவாக அடைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பலகை விலகும். ஏராவின் அடியில் தனிப் பலகை அறைந்துவிட்டால் மணல் தேய்ப்பதும் புழு அரிப்பதும் அதோடு நிற்கும். தேய்ந்தபின் அதை மட்டும் மாற்றலாம்.

வெயிலில் நெடுநாள் காயவிட்டால் பலகை சுருங்கி இடுக்கு வாய்பிளக்கும். எனவே ஓடாவியிடம் நாள் பேசிய பிறகு வள்ளத்தை ஏற்றுங்கள். வாங்குவதானால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரை அழைத்துப் போங்கள்.