சிவப்பு மேகம் வந்தால் பெருமழையா?

வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வாட்ஸ்அப்பில் செயற்கைக்கோள் படம் பறக்கும். "சிவப்பு நம்ம தலைக்கு மேலயே நிக்குது, இன்னிக்கு ராத்திரி அவ்ளோதான்!" எத்தனை முறை மறுத்தாலும் இந்தப் பேச்சு ஓய்வதாக இல்லை.

அந்தச் சிவப்பு மழை அல்ல, கணினி பூசிய சாயம். இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அகச்சிவப்பில் பார்ப்பது மேக உச்சியின் குளிர்ச்சியைத்தான். மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே குழம்பு எவ்வளவு என்று சொல்வீர்களா? இடிமேகத்தின் உச்சியிலிருந்து காற்று இழுத்துப்போகும் பனிப்படலமும் அதே சிவப்பாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு சொட்டு தரைக்கு வராது.

மேகத்தை ஊடுருவி வருவது நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ். காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீராவியும் தாமாகவே உமிழும் இந்த அலைகளை அளந்தால், எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று பிரித்தறியலாம். செயற்கைக்கோளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வானிலைக் கணினி மாதிரி முதலில் கணக்கிடும். உண்மையில் தெரிந்ததோடு ஒப்பிட்டு, தன் தொடக்க நிலையைத் திருத்திக்கொள்ளும். பலூன் விட ஆளில்லாத நடுக்கடலில் இந்தத் திருத்தம் பெரிய உதவி. 2011 அக்டோபர் 12 அன்று நமக்குப் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் இருந்த சாஃபிர் கருவி, ஈரத்தை அளக்கவே செய்யப்பட்டது. நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் அதன் தரவை மாதிரியில் சேர்த்துப் பயன்படுத்தியது. 2023 மார்ச்சில் அந்தச் செயற்கைக்கோளின் கதை முடிந்தது.

"செயற்கைக்கோள் விடுற கதிர்தான் மேகத்தைக் கலைக்குது" என்பது சுத்த அபத்தம். சாஃபிர் போன்ற கருவிகள் அலையை வாங்குபவை, விடுபவை அல்ல.

"அப்போ மணலிக்கு ஏன் முன்கூட்டியே சொல்லலை?" இது நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் 27 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. கொட்டியது. சாஃபிர் இயங்கிய காலத்திலும் அது பார்த்த ஒரு புள்ளியே குறைந்தது 10 கி.மீ. அகலம்; திருவொற்றியூரும் எண்ணூரும் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். கரையோரத்தில் நிலமும் நீரும் ஒரே புள்ளியில் கலப்பதால் அளவும் குழம்பும். நாளை மறுநாள் தாழ்வு எங்கே போகும் என்பதற்கு நுண்ணலை. இன்றிரவு மணலிக்குத் துறைமுகத்து ரேடாரும் தெருவுக்குத் தெரு மழைமானியும்தான்.

மணலி, எண்ணூர் ஆலைகள் ஒவ்வொன்றும் தானியங்கி மழைமானி வைத்து, அளவை உடனுக்குடன் பொதுவில் வெளியிட வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை எழுத்து மூலம் கேளுங்கள்.